மவுஸ் பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்



கணினி உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கோரிக்கை ஒன்று உண்டு. "அத்தா, எனக்கு ஒரு கேமிங் மவுஸ் வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 300 ரூபாய்க்கும் மவுஸ் கிடைக்கிறது, 3,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன, இரண்டிலும் வண்ண விளக்கு எரிகிறது. இதில் எது வீண்விரயம், எது தேவை என்று முடிவு செய்ய வேண்டிய பெற்றோருக்குப் பெட்டியின் மேல் உள்ள எண்கள் எதையும் புரிய வைப்பதில்லை. பிள்ளைகளும் பெரும்பாலும் பெரிய எண்ணைப் பார்த்தே மயங்குகிறார்கள்.

ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று நாள் கூலியை ஒரு சிறிய பொருளுக்குக் கொடுக்கும்போது, அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுப்பதே முறை. விளையாட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. ஆட்டோகேட் படிக்கும் மாணவர், வீட்டிலிருந்து போட்டோ எடிட்டிங் செய்யும் சகோதரி, டிடிபி வேலை பார்ப்பவர் ஆகியோருக்கும் இதே மவுஸ்தான் தொழில் கருவி. ஆகவே இந்தப் பாடத்தில், குறைந்த விலை கேமிங் மவுஸின் உள்ளே என்னென்ன இருக்கின்றன, அவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மவுஸ் எப்படிப் பார்க்கிறது?

மவுஸைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு சிறு துளை தெரியும். அதனுள் ஒரு விளக்கும் மிகச் சிறிய கேமராவும் உள்ளன. இந்தக் கேமராவைத்தான் சென்சார் என்கிறோம். அது மேசையின் மேற்பரப்பை இடைவிடாமல் படம் பிடிக்கிறது. ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. 1999-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் நொடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. இன்றைய நல்ல சென்சார்கள் அதைவிடப் பல மடங்கு எடுக்கின்றன.

கடையில் பல கம்பெனிப் பெயர்களைப் பார்த்தாலும், அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருக்கும் சென்சாரைச் செய்வது தைவானைச் சேர்ந்த பிக்ஸ்ஆர்ட் என்ற ஒரே நிறுவனம். 3325, 3327, 3360 என்று அதன் சென்சார்களுக்கு எண்கள் உண்டு. பெட்டியிலோ விவரப் பட்டியலிலோ சென்சாரின் எண் இருந்தால் அதுவே நல்ல அடையாளம். "அதிநவீன கேமிங் சென்சார்" என்று மட்டும் எழுதி, எண்ணையும் கீழே நாம் சொல்லப்போகும் அளவுகளையும் மறைத்திருந்தால் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

டிபிஐ: பெரிய எண், சிறிய பயன்

பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது டிபிஐ. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி எத்தனை புள்ளிகள் நகரும் என்பதே இதன் பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீடுகளில் உள்ள சாதாரண மானிட்டரின் அகலம் 1,920 புள்ளிகள். 800 டிபிஐ வைத்தால், மவுஸை 2.4 அங்குலம் நகர்த்தினால் அம்புக்குறி திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போய்விடும். 1,600 வைத்தால் 1.2 அங்குலம் போதும். 8,000 வைத்தால்? வெறும் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். கை சற்று நடுங்கினாலே அம்புக்குறி எங்கோ ஓடிவிடும். யாரும் அப்படி விளையாடுவதில்லை. துப்பாக்கி விளையாட்டில் தேர்ந்தவர்கள்கூடப் பெரும்பாலும் 400 முதல் 1,600 வரைதான் வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. சில பெட்டிகளில் உள்ள பெரிய எண் சென்சார் உண்மையில் பார்ப்பது அல்ல. எடுத்துக்காட்டாக, பிக்ஸ்ஆர்ட் 3325 சென்சார் தானாகப் பார்ப்பது 5,000 டிபிஐ வரை. அதே சென்சார் உள்ள மவுஸ் "10,000" என்று விற்கப்படும்போது, மீதி 5,000 கணக்கில் இரட்டிப்பாக்கப்பட்டது. சிறிய போட்டோவை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினால் முகம் பெரிதாகும், தெளிவு கூடாது. இதுவும் அதுபோலத்தான்.

ஆகவே டிபிஐ 3,000-ஐத் தாண்டிய எந்த இரண்டு மவுஸையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிட வேண்டாம்.

ஐபிஎஸ்: சிறிய எழுத்தில் இருக்கும் பெரிய விஷயம்

கையை எவ்வளவு வேகமாக வீசினாலும் சென்சார் தடுமாறாமல் பின்தொடர்கிறதா என்பதே உண்மையான கேள்வி. அதைச் சொல்லும் அளவு ஐபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை அங்குலம் என்பது. இதைப் பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் தேட வேண்டியிருக்கும்.

விளையாட்டில் எதிரி பின்னால் வந்தால் சட்டென்று திரும்ப வேண்டும். அப்போது 40 சென்டிமீட்டர் தூரத்தைக் கால் நொடியில் கை கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் நொடிக்கு 1.6 மீட்டர். நடுவில் வேகம் இதைவிட அதிகமாகவே இருக்கும். இப்போது சென்சார்களைப் பார்ப்போம்.

30 ஐபிஎஸ் என்றால் நொடிக்கு சுமார் 0.76 மீட்டர். 100 ஐபிஎஸ் என்றால் 2.5 மீட்டர். 220 ஐபிஎஸ் என்றால் 5.6 மீட்டர்.

சாதாரண அலுவலக மவுஸ்களிலும், விளக்கு மட்டும் போட்டு "கேமிங்" என்று விற்கப்படும் பல மலிவு மவுஸ்களிலும் உள்ள பழைய வகை சென்சார்கள் 30 ஐபிஎஸ் அளவிலானவை. கை வேகமாகப் போனால் அவை வழி தவறிவிடும். திரையில் அம்புக்குறி நின்றுவிடும், அல்லது வேறெங்கோ தாவும். பிள்ளை "நான் சரியாகத்தான் திருப்பினேன்" என்று சொல்வது பல நேரங்களில் உண்மை. 100 ஐபிஎஸ் பெரும்பாலோருக்குச் சமாளிக்கும். 200-க்கு மேல் இருந்தால் மனிதக் கைக்குத் தாராளம்.

இதனோடு "ஜி" என்று ஓர் அளவும் எழுதியிருப்பார்கள். மவுஸ் திடீரென்று வேகமெடுக்கும்போது சென்சார் எவ்வளவு தாங்கும் என்பது அது. 20-க்கு மேல் இருந்தால் போதுமானது.

ஹெர்ட்ஸ்: எத்தனை முறை செய்தி சொல்கிறது?

சென்சார் பார்த்ததை மவுஸ் கணினிக்குச் சொல்ல வேண்டும். நொடிக்கு எத்தனை முறை சொல்கிறது என்பதே போலிங் ரேட். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி நொடிக்கு ஒரு முறை. 1,000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி நொடிக்கு ஒரு முறை. கேமிங் மவுஸ் என்று பெயர் வைத்தால் 1,000 இருக்க வேண்டும்.

அதற்கு மேல் 4,000, 8,000 என்று இப்போது வருகின்றன. நம் வீட்டு 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் சுமார் 16.7 மில்லி நொடிக்கு ஒரு முறைதான் படத்தை மாற்றுகிறது. அந்த மானிட்டரை வைத்துக்கொண்டு 8,000 ஹெர்ட்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வயர் இல்லாத மவுஸ் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுஎஸ்பியில் செருகும் சிறிய ரிசீவரோடு வரும் கேமிங் மவுஸ் 1,000 ஹெர்ட்ஸில் வேலை செய்யும். புளூடூத் மட்டும் உள்ளவை பொதுவாக அந்த வேகத்துக்கு வருவதில்லை. அவை படிப்புக்கும் அலுவலகத்துக்கும் சரி, வேகமான விளையாட்டுக்குச் சரிவராது.

சுவிட்ச்: முதலில் பழுதாவது இதுதான்

மவுஸ் கெட்டுப்போனது என்று நாம் தூக்கிப்போடும்போது பெரும்பாலும் சென்சார் நன்றாகவே இருக்கிறது. கெட்டது இடது பட்டனுக்குக் கீழே உள்ள சிறிய சுவிட்ச். அதற்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. நாம் அழுத்தும்போது அது தொடுகிறது, விட்டால் பிரிகிறது. நாளடைவில் அந்தத் தொடுமுனையில் களிம்பு ஏறுகிறது, தகட்டின் விறைப்பும் குறைகிறது. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகத் தொடங்குகிறது. இதையே டபுள் கிளிக் கோளாறு என்கிறோம். காற்றில் ஈரமும் உப்பும் மிகுந்த கடலோர ஊர்களில் களிம்பு சீக்கிரமே ஏறும்.

ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்க அழுத்தினால் அது திறந்துவிடும். இழுத்துக்கொண்டு போகும் படம் பாதியில் விழுந்துவிடும். விளையாடுபவருக்கு இது எரிச்சல். படம் வடிவமைத்து வருமானம் பார்ப்பவருக்கு ஒரு நாள் வேலையே கெடும்.

சுவிட்ச் எத்தனை கிளிக் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். 10 மில்லியன் என்பது 1 கோடி. ஒரு நாளைக்கு 5,000 கிளிக் என்றால் 2,000 நாள், அதாவது ஐந்தரை ஆண்டு வர வேண்டும். இது ஆய்வகக் கணக்கு. நடைமுறையில் ஈரமும் தூசியும் இதைக் குறைத்துவிடும்.

இதற்கு மாற்றாக ஆப்டிகல் சுவிட்ச் வந்திருக்கிறது. அதில் உலோகம் உலோகத்தைத் தொட்டு கிளிக் பதிவாவதில்லை. ஓர் ஒளிக்கற்றை மறைக்கப்படுவதையோ திறக்கப்படுவதையோ வைத்து கிளிக் பதிவாகிறது. தொடுமுனையே இல்லாததால் களிம்பால் வரும் டபுள் கிளிக் கோளாறு அதில் வராது. ஆனால் பழுதானால் உள்ளூரில் மாற்றுவது கடினம்.

கை அளவு, எடை, வயர்

நாம் எண்களைப் பார்க்கிறோம், ஆனால் மவுஸைப் பிடிப்பது கை. பொருந்தாத மவுஸ் எவ்வளவு நல்ல சென்சாரோடு இருந்தாலும் மணிக்கட்டு வலியில்தான் முடியும்.

உள்ளங்கை முழுவதையும் மவுஸின் மேல் வைத்துப் பிடிப்பவருக்கு நீளமான, முதுகு உயர்ந்த மவுஸ் வேண்டும். விரல்களை மடக்கி நுனியால் பிடிப்பவருக்குச் சிறியது நல்லது. பதின்வயதுப் பிள்ளைகளின் கைக்குப் பெரும்பாலும் சிறிய மவுஸே பொருந்தும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கைக்கென்றே வளைத்துச் செய்த மவுஸை வாங்கிவிடக் கூடாது.

எடை 100 கிராமுக்குள் இருந்தால் நல்லது. சில மலிவு மவுஸ்களில் "கனமாக இருந்தால் தரம்" என்று நினைக்கட்டும் என உள்ளே இரும்புத் துண்டை வைத்திருப்பார்கள். அது தரம் அல்ல, கைக்குப் பாரம். வயர் மெல்லியதாக, எளிதில் வளைவதாக இருக்க வேண்டும். கயிறு போல முறுக்கேறிய தடித்த வயர் ஒவ்வொரு அசைவிலும் மவுஸைப் பின்னுக்கு இழுக்கும்.

நான்கு மவுஸ்கள்: ஓர் ஒப்பீடு

இதுவரை படித்ததை வைத்து, நம் கடைகளில் பரவலாக அறியப்பட்ட நான்கு மவுஸ்களை ஒப்பிடுவோம். விலை தள்ளுபடிக்கேற்ப மாறும் என்பதால் உள்ளே இருப்பதை மட்டும் சொல்கிறோம்.

1. லாஜிடெக் ஜி102: 8,000 டிபிஐ, 200 ஐபிஎஸ், 1,000 ஹெர்ட்ஸ், 85 கிராம், 1 கோடி கிளிக். நீளம் சுமார் 117 மில்லிமீட்டர். சிறிய, நடுத்தரக் கைகளுக்குப் பொருந்தும். இரு பக்கமும் ஒரே வளைவுதான் என்றாலும் பக்கவாட்டுப் பட்டன்கள் இடப்புறம் மட்டுமே உள்ளன.

2. ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல்: 6,400 டிபிஐ, 220 ஐபிஎஸ், 96 கிராம், 1 கோடி கிளிக். நீளம் சுமார் 127 மில்லிமீட்டர். வலது கைக்கென்றே வளைந்தது. பெரிய கை உள்ளவர்கள், நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வசதி.

3. ரேசர் வைப்பர் மினி: 8,500 டிபிஐ, 300 ஐபிஎஸ், 61 கிராம், ஆப்டிகல் சுவிட்ச், 5 கோடி கிளிக். நான்கில் மிக இலகுவானது இதுவே. வயரும் மென்மையானது. பெரிய கைக்குச் சிறியதாகத் தோன்றும்.

4. லாஜிடெக் ஜி304: வயர் இல்லாதது. 12,000 டிபிஐ, 400 ஐபிஎஸ், 1,000 ஹெர்ட்ஸ், ஒரு ஏஏ பேட்டரியோடு 99 கிராம். ஒரு பேட்டரி 250 மணி நேரம் வரை வரும் என்கிறது நிறுவனம். உருவம் ஏறக்குறைய ஜி102-தான். விலை மற்ற மூன்றையும்விடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த நான்கில் டிபிஐ குறைவாக உள்ள இரண்டாவதன் ஐபிஎஸ், முதலாவதைவிடக் கூடுதல். பெட்டியின் பெரிய எண்ணை மட்டும் பார்த்தவர் இதைத் தவறவிட்டிருப்பார். அதே நேரத்தில் 200-க்கும் 220-க்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியாது. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில் தேர்வு செய்யக் கை அளவே போதும். கூடுதல் பணம் கொடுத்தால் உண்மையில் எதையாவது பெறுவது, மூன்றாவதில் எடையும் சுவிட்சும், நான்காவதில் வயரிலிருந்து விடுதலையும்.

விலையை ஆண்டுக் கணக்கில் பாருங்கள்

400 ரூபாய் மவுஸ் எட்டு மாதத்தில் கெட்டால், ஆண்டுக்கு 600 ரூபாய் செலவு. 1,500 ரூபாய் மவுஸ் மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 500. அதன்பின் 100 ரூபாய் செலவில் சுவிட்ச் மாற்றி இன்னும் இரண்டாண்டு ஓட்டினால், ஆண்டுக்கு 320 மட்டுமே. இவை கணக்கை விளக்குவதற்கான எண்கள்தான். ஆனால் வாங்கும் நாளில் மலிவாக இருப்பது முடிவில் மலிவாக இருக்க வேண்டியதில்லை என்பது இதில் புரியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். செஸ், கார் பந்தயம், வீடு கட்டும் விளையாட்டு போன்றவற்றையே பிள்ளை விளையாடுகிறான் என்றால், நல்ல கம்பெனியின் சாதாரண மவுஸே போதும். தேவையில்லாத இடத்தில் 1,500 ரூபாய் கொடுப்பதும் வீண்விரயமே. மீதிப் பணத்தில் ஒரு துணி மவுஸ் பேட் வாங்கினால் எந்த மவுஸும் முன்பைவிட நன்றாக வேலை செய்யும்.

கடையிலும் வீட்டிலும் செய்ய வேண்டிய சோதனைகள்

1. விண்டோஸின் மவுஸ் அமைப்பில் "என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்" என்பதை முதலில் அணைத்து விடுங்கள். அது இருந்தால் மவுஸின் உண்மையான குணம் தெரியாது.

2. பெயிண்ட் திறந்து வேகமாக வட்டங்கள் போடுங்கள். கோடு உடைந்து தாவினால் சென்சார் சரியில்லை.

3. இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக நீளமான கோடு ஒன்று இழுங்கள். கையை எடுக்காமலே கோடு நடுவில் அறுந்தால் சுவிட்ச் சரியில்லை.

4. மவுஸைக் காதருகே பிடித்து மெதுவாகக் குலுக்குங்கள். சக்கரமோ பட்டனோ கடகடவென்று ஆடக் கூடாது. சக்கரத்தை ஒரு பக்கமாகச் சுற்றும்போது பக்கம் எதிர்த்திசையில் தாவக் கூடாது.

5. வீட்டில், விளையாட்டுக்குள் சுவரில் ஒரு புள்ளியைக் குறி வையுங்கள். மவுஸ் நிற்கும் இடத்தில் ஒரு புத்தகத்தை அணைத்து வையுங்கள். மவுஸை வேகமாக அப்பால் வீசி, மெதுவாகப் புத்தகத்துக்கே திரும்பக் கொண்டு வாருங்கள். குறி அதே புள்ளியில் நின்றால் சென்சார் நம்பகமானது.

பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அது கடையின் உத்தரவாதமா கம்பெனியின் உத்தரவாதமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெயர் பெற்ற மவுஸ்களுக்குப் போலிகளும் உண்டு. நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாதீர்கள்.

பழுதானால் தூக்கிப்போட வேண்டாம்

உத்தரவாதக் காலம் இருந்தால் மவுஸைத் திறக்காமல் மாற்றிக் கேளுங்கள். அது முடிந்திருந்தால், டபுள் கிளிக் கோளாறைச் சரிசெய்வது பெரிய வேலை அல்ல. அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குக் கால்களை உரித்தால் திருகாணி தெரியும். உலோகத் தொடுமுனை உள்ள சுவிட்சுக்கு மூன்று கால்கள் மட்டுமே. ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பற்றவைத்தால் மவுஸ் மீண்டும் புதிது போல உழைக்கும். பல கம்பெனி மவுஸ்களில் ஒரே அளவுள்ள சுவிட்சே இருப்பதால் சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடை வீதிகளில் தேடினால் கிடைக்கும். செல்போன் பழுது பார்க்கும் தம்பிமார்களுக்கு இது சில நிமிட வேலை. ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஈயம் வைக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.

சுருக்கமாக

முதலில் பிள்ளை என்ன விளையாடுகிறான், என்ன படிக்கிறான் என்று கேளுங்கள். அடுத்து கைக்குப் பொருந்துகிறதா என்று பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஐபிஎஸ், ஹெர்ட்ஸ், சுவிட்ச், எடை என்ற வரிசையில் பாருங்கள். டிபிஐயைக் கடைசியில் பாருங்கள். விளக்கைப் பார்க்கவே வேண்டாம்.

பாடத்தைச் சரிபார்க்க மூன்று கேள்விகள். பிள்ளைகளோடு சேர்ந்து விடை காணுங்கள்.

1. ஒரு பெட்டியில் "12,800 டிபிஐ, 7 வண்ண விளக்கு" என்று மட்டும் உள்ளது. இன்னொன்றில் "6,200 டிபிஐ, 220 ஐபிஎஸ், 1,000 ஹெர்ட்ஸ்" என்று உள்ளது. விலை ஒன்றே. எதை வாங்குவீர்கள், ஏன்?

2. உங்கள் வீட்டு மவுஸில் 1,200 டிபிஐ வைத்திருக்கிறீர்கள். 1,920 புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க மவுஸை எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும்?

3. உங்கள் வீட்டில் "கெட்டுப்போனது" என்று ஓரமாக வைத்த மவுஸ் இருந்தால், மேலே சொன்ன மூன்றாம் சோதனையைச் செய்து பாருங்கள். கெட்டது மவுஸா, சுவிட்ச் மட்டுமா?